அப்பாவுக்கு மட்டும் கேட்ட மணி

1

இந்த வாரம் நான் எழுதிய கையேட்டுக்கு ஒப்புதல் வந்துவிட்டது. அயர்லாந்தில், லிமரிக் நகரத்தில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் இப்படி ஒரு வேலை முடிந்தால் கேக் வாங்கி வைப்பார்கள். என் குழுத் தலைவர் டெக்லன் ஒரு துண்டைத் தட்டில் வைத்து என் மேசைக்கே கொண்டுவந்து கொடுத்தார். "ரொம்பத் தெளிவாக எழுதியிருக்கிறாய் எஸ்தர், ஒரு குழந்தைகூடப் புரிந்துகொள்ளும்" என்றார். குழந்தைக்குப் புரியும். பாளையங்கோட்டையில் இருக்கிற என் அப்பாவுக்குத்தான் என்னால் புரியவைக்க முடியவில்லை. கேக் சாயங்காலம்வரை மேசையிலேயே காய்ந்து கிடந்தது.

ஊருக்கு வந்தால் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பார்கள், "அங்கன என்னம்மா வேல பாக்க?" போன் சம்பந்தமான கம்பெனி என்பேன். "சிம்மு விக்கியளா?" என்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவேன். இங்கே உங்களுக்காவது ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது தெரியாமல் இந்தக் கதை விளங்காது.

உலகத்தின் எந்த மூலையிலிருந்து யார் யாருக்குப் போன் போட்டாலும், அந்த எண்ணின் முன்பக்க இலக்கங்களைப் பார்த்துத்தான் இது எந்த நாடு, எந்தக் கம்பெனி, எந்த வழியாகத் தள்ளிவிட வேண்டும் என்று முடிவாகிறது. இந்த விவரமெல்லாம் ஒரு பெரிய அட்டவணையில் கிடக்கிறது. அந்த அட்டவணையில் தேடிப் பார்ப்பதற்கு ஒரு கருவி உண்டு. கணினித் திரையில் ஒரு பெட்டி வரும். எண்ணைப் போட்டால் விவரம் வந்து விழும். பஸ் ஸ்டாண்டில் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் டைம் கீப்பரிடம் போய்க் கேட்கிறோம் அல்லவா, அம்பாசமுத்திரம் வண்டி எங்கே நிற்கும் என்று, அந்த மாதிரி. கருவியைச் செய்தவர்கள் வேறு ஆட்கள். அதை எப்படிப் பயன்படுத்த வேண்டும், வந்து விழுகிற ஒவ்வொரு கட்டத்துக்கும் என்ன பொருள் என்று எழுதிவைப்பது என் வேலை. இதற்குத்தான் சம்பளம், இதற்குத்தான் கேக்.

2

அப்பா டவுண் பஸ் கண்டக்டர். பாளையங்கோட்டையிலிருந்து ஜங்ஷன், டவுண் வழியாகப் பேட்டைக்குப் போகிற வண்டியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாய் என்றால் அப்படி ஒரு வாய். "உள்ள போ, உள்ள போ, அங்கன என்ன மாப்பிள்ள ஊர்வலமா நடக்கு?" என்று படியில் நின்று அவர் போடுகிற சத்தத்தில் தூங்குகிற பிள்ளை விழித்துக்கொள்ளும். சர்ச்சில் அவர் பாட ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்கிறவர் தன் சத்தம் தனக்கே கேட்காமல் பாட்டுப் புத்தகத்தை மூடிவிடுவார். அம்மாவுக்கு அதில் கொஞ்சம் வெட்கமும் நிறையப் பெருமையும் உண்டு.

அம்மா போன பிறகு அவருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்றார்கள், எடுத்தார்கள். இப்போது கழுத்தில் ஒரு துளை. மூச்சு அதன் வழியாகத்தான் போய் வருகிறது. ஆள் பிழைத்தார், குரல் போயிற்று. நான் லீவு போட்டுவிட்டுப் போய்க் கூட இருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று, அலமாரியிலிருந்த பழைய விசிலை எடுத்து வாயில் வைத்து ஊதினார். கன்னம் அசைந்தது, சத்தம் வரவில்லை. மூச்சுதான் கழுத்தோடு போய்விடுகிறதே, வாய்க்கு எங்கிருந்து வரும்? விசிலை வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடியும் ஊதிப் பார்த்தார். அந்த மாதிரி ஒரு நாள் என் எதிரிக்கும் வரக்கூடாது.

எதிரில் இருப்பவரோடு பேச சிலேட்டும் குச்சியும் இருந்தன. கடல் தாண்டி இருக்கிறவளோடு எப்படிப் பேசுவது? பெரிய திரை வைத்த போன் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். கண்ணில் நீர் அழுத்தம், எழுத்து கலங்குகிறது என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். பழைய பொத்தான் போன்தான் அவருக்கு வாகு. எந்த எண் எங்கே இருக்கிறது என்று விரலுக்கே தெரியும்.

இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிடலாமே என்று கேட்பீர்கள். விசா கேட்டுப் பார்த்தேன். அப்பா என்னை நம்பித்தான் பிழைக்கிறார் என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். அவருக்குத்தான் பென்ஷன் வருகிறதே, ஆகவே நம்பிப் பிழைக்கவில்லை என்று காகிதத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்கு அழுகை வந்தது. அப்பாவுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். இந்தக் குளிரில் யார் வந்து கிடப்பது?

அப்புறம் அவராகவே ஒரு வழி கண்டுபிடித்தார். கண்டக்டர் ஒற்றை விசில் ஊதினால் வண்டி நிற்க வேண்டும், ரெட்டை விசில் ஊதினால் போகலாம். அதையே போனுக்குக் கொண்டுவந்துவிட்டார். தினமும் சாயங்காலம், அதாவது எனக்கு மத்தியானம், இரண்டு மிஸ்டு கால் வந்தால் எல்லாம் சரி, ரைட், போகலாம். ஒன்றே ஒன்று வந்தால் நிப்பாட்டு, ஏதோ சரியில்லை. உடனே நான் பக்கத்து வீட்டு ராஜம் மதினியைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். ரெட்டை மணிக்கு நான் திருப்பிக் கூப்பிடக் கூடாது என்பது கண்டிப்பு. ரெட்டை விசிலுக்கு எந்த டிரைவர் திரும்பிப் பார்த்துப் பதில் சொல்லுகிறான், வண்டியை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதானே? ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் மட்டும் நான் கூப்பிடுவேன். நான் பேசுவேன், அவர் போனை விரலால் தட்டுவார்.

என் மகள் ஜெனிக்குப் பதின்மூன்று வயது. இதெல்லாம் அவளுக்கு வேடிக்கை. "தாத்தா ஏன் ஒரு மெசேஜ் அனுப்பக் கூடாது?" என்று இந்த ஊர் இங்கிலீஷில் கேட்பாள். தாத்தா என்ற ஒரு சொல்தான் அதில் தமிழ். பதில் சொல்ல ஆரம்பிப்பதற்குள் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள்.

3

ஒரு நாள் மணி வரவில்லை. மதினியைக் கூப்பிட்டேன்.

"மாமாவுக்கு என்ன? குத்துக்கல்லாட்டம் இருக்காவ. வாசல்ல கீரைக்காரிட்ட கையக் கையக் காட்டிப் பேரம் பேசிட்டு நிக்காவ."

"எனக்கு ரிங் விட்டாவளா மதினி?"

"விட்டாவளே! நாந்தான் பாத்தேன். காதுல வச்சி மணி அடிக்கதக் கேட்டுட்டு அமத்துனாவ. ரெண்டு தடவ."

மறுநாளும் வரவில்லை, அதற்கு மறுநாளும் இல்லை. எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது, அதையே பிடித்துக்கொண்டேன். அப்பாவுக்கு விரல் நடுங்க ஆரம்பித்துவிட்டது, ஏதோ ஒரு இலக்கத்தை மாற்றி அழுத்துகிறார். உலகத்தில் எங்கோ ஒரு புண்ணியவானுக்குத் தினமும் இரண்டு மிஸ்டு கால் போய்க்கொண்டிருக்கிறது, அவன் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பான் என்று நினைத்து லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தேன்.

அப்பாவிடம் சொல்லவில்லை. குரல் போன மனுஷனிடம், அப்பா, உங்களுக்கு இப்போது விரலும் போய்விட்டது என்று எந்த வாயால் சொல்ல? நம் வீடுகளில் இதுதானே வழக்கம். அவர்களுக்குக் காய்ச்சல் என்றால் நம்மிடம் மறைப்பார்கள், நமக்கு வேலை போனால் அவர்களிடம் மறைப்போம், இரண்டு பக்கமும் இதற்குப் பாசம் என்று பெயர் வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கம்போலப் பேசினேன். மணியைப் பற்றி வாயே திறக்கவில்லை. அடுத்த லீவுக்குப் போகும்போது பெரிய பெரிய பொத்தானாக வைத்த போன் ஒன்று வாங்கிக்கொண்டு போவது என்று முடிவு செய்தேன். மதினியிடம் மட்டும், "அப்பா மேல ஒரு கண்ணு வச்சிக்கோங்க" என்று சொல்லிவைத்தேன்.

4

அலுவலகத்தில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது மதினியின் போன் வந்தது. அவளாக அழைக்கிற வழக்கமே கிடையாது. வெளியே ஓடிவந்து எடுத்தேன்.

"ஏட்டி, நீ மனுசிதானா?"

"என்ன மதினி? அப்பாவுக்கு என்ன?"

"என்னவா? போன வாரம் மாமா புறவாசல்ல வழுக்கி விழுந்துட்டாவ. நான் அன்னைக்கின்னு பாத்து பாவூர்சத்திரத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டேன். நல்ல வெயிலு. எந்திரிக்க முடியல, சத்தம் போடவும் முடியாது. சட்டப் பையில போனு இருந்திருக்கு. ஒனக்கு ஒத்த ரிங் விட்டிருக்காவ."

அவள் நிறுத்தவில்லை.

"மணி அடிச்சிருக்கு. அமத்திட்டு, இப்பம் கூப்புடுவா, இப்பம் கூப்புடுவான்னு கெடந்திருக்காவ. இன்னொரு மட்டம் அடிச்சா ரெண்டாயிரும்லா, ரைட்டுன்னு ஆயிரும்லா? அதனால அடிக்காம அந்தப் போனையே பாத்துட்டுக் கெடந்திருக்காவ. நான் வெளக்கு வைக்க நேரத்துக்கு வந்து பாக்கேன், மேலெல்லாம் எறும்பு. மணிக்கட்டு ஒடஞ்சி கட்டுப் போட்டிருக்கு."

"மதினி, எனக்கு மணி வரல."

"ஏட்டி, பொய் சொல்லாத. அவிய காதால கேட்டிருக்காவ."

"சத்தியமா வரல மதினி."

"ஒன்ட்ட சொல்லக் கூடாதுன்னு சிலேட்டுல எழுதிக் காட்டுனாவ. எனக்குத்தான் மனசு கேக்கல. அப்படி என்னட்டி வேல ஒனக்கு? பெத்த தகப்பன் ஒரு மணி அடிச்சா திரும்பிப் பாக்க நேரம் இல்லாத வேல?"

வைத்துவிட்டாள். நான் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். இன்னொரு தடவை அடித்தால் ரைட் என்று ஆகிவிடும் என்பதற்காக, கையில் போனை வைத்துக்கொண்டே அடிக்காமல் கிடந்திருக்கிறார் என் அப்பா. அந்த ஏற்பாட்டை அவ்வளவு நம்பியிருக்கிறார். என்னையும்தான்.

5

அன்று மேசைக்குத் திரும்பியதும் அப்பாவின் எண்ணை எங்கள் கருவியில் போட்டேன். கையேட்டில் உதாரணம் காட்ட எத்தனையோ எண்களைப் போட்டிருக்கிறேன். வீட்டு எண்ணைப் போட வேண்டும் என்று அதுவரை தோன்றியதே இல்லை.

நாடு சரி. கம்பெனி சரி. தொலைபேசி வட்டம் தமிழ்நாடு, வழி சரி. கடைசிக் கட்டத்துக்குப் பெயர் நம்பகம். அதில் இருந்தது இது: தாழ்வு. ஒற்றை மணி மோசடி, சந்தேகம்.

இப்படி ஒரு மோசடி உண்டு. தெரியாத எண்ணிலிருந்து ஒரு மணி அடித்துவிட்டு வைத்துவிடுவார்கள். யாரோ என்னவோ என்று நாம் திருப்பிக் கூப்பிட்டால் நம் காசு கரையும். அதைப் பிடிப்பதற்காக ஒரு கணக்குப்பொறி இருக்கிறது. எந்த எண் வரிசையிலிருந்து வெளிநாட்டுக்கு நிறைய அழைப்பு போய், எடுப்பதற்குள் வைக்கப்படுகிறதோ, அந்த வரிசை முழுவதையும் அது சந்தேகத்தில் போட்டுவிடும். மதினி என்னைக் கூப்பிட்டது இன்டர்நெட் வழியாக, அதனால்தான் அது மாட்டவில்லை. இப்போது சொல்லுங்கள், நம் பக்கத்தில் வேறு எதற்காகப் போனை வைத்திருக்கிறார்கள்? காயல்பட்டினத்தில் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டால் துபாய்க்கு ஒரு மணி. கல்லிடைக்குறிச்சியில் மருந்து வாங்கியாகிவிட்டால் மஸ்கட்டுக்கு ஒரு மணி. சாப்பிட்டாயிற்று, சண்டை தீர்ந்தது, உன்னை நினைத்துக்கொண்டேன், எல்லாவற்றுக்கும் ஒரு மணிதான். அந்தக் கணக்குப்பொறி தாமிரபரணிக் கரையைப் பார்த்துவிட்டு ஊர் முழுவதும் திருட்டுக் கூட்டம் என்று முடிவு கட்டிவிட்டது. நல்லா இருக்கட்டும்.

அதுகூடப் பொறுத்துக்கொள்வேன். அந்தக் கட்டத்தின் விளக்கத்தை எழுதியது நான்தான். கையேட்டைத் திறந்து என் வாக்கியத்தையே படித்தேன். தாழ்வு என்று குறிக்கப்பட்ட அழைப்புகளை, பெறுகிற நாட்டுக் கம்பெனி கைவிட்டுவிடலாம். அழைப்பவருக்கு மணி ஒலி தொடர்ந்து கேட்கும். மோசடிக்காரன் தான் மாட்டிக்கொண்டதைத் தெரிந்துகொள்ளக் கூடாது, அதற்காக இந்தத் தந்திரம். இந்த வாக்கியத்தில் காற்புள்ளி சரியாக இருக்கிறதா என்று அன்றைக்கு நான் கவலைப்பட்டது ஞாபகம் வந்தது.

புறவாசலில் கிடந்துகொண்டு அப்பா கேட்டது என் போனின் மணி இல்லை. ஒரு இயந்திரம் அவரை ஏமாற்றுவதற்காகப் போட்ட மணி. ஏசப்பா, அதைக் கேட்டுவிட்டல்லவா மனுஷன் எறும்புக்கு நடுவே காத்துக் கிடந்திருக்கிறார்!

6

டெக்லனிடம் போனேன். கெட்ட மனிதர் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, தேநீர் வரவழைத்து, முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, "உன் அப்பாவின் அழைப்புகளை நீ தவறவிட்டுவிட்டாயா?" என்றார்.

"நான் தவறவிடவில்லை. அவர் மிஸ்டு கால் கொடுத்தார்."

"கொடுப்பதா? எப்படிக் கொடுக்க முடியும்? அது நடந்துபோவதுதானே?"

இத்தனை வருஷம் இங்கிலீஷில் எழுதிச் சம்பாதிக்கிறவள், நம் ஊரில் ஆடு மேய்க்கிறவருக்கும் தெரிந்த ஒரு விஷயத்தை அவருக்கு விளங்கவைப்பதற்குள் தலையால் தண்ணீர் குடித்துவிட்டேன். விளங்கியதும் அவர் முகம் மாறிவிட்டது. உண்மையாகவே வருத்தப்பட்டார். ஆனால் வருத்தத்துக்கு எங்கள் அலுவலகத்தில் ஒரு கட்டமும் இல்லை. நம்பகத்தை மாற்ற வேண்டுமானால் ஏதாவது ஒரு போன் கம்பெனி புகார் தர வேண்டும். எனக்குப் போன் இணைப்புக் கொடுத்திருக்கிற கம்பெனியைக் கேட்டேன். நீங்கள் எடுத்துப் பேசிய அழைப்பில் கோளாறு என்றால் சொல்லுங்கள், எடுக்காத அழைப்பு எங்கள் கணக்கிலேயே வராது என்றார்கள். நான் எடுக்கவே போவதில்லையம்மா, அது அடிக்க மட்டும் வேண்டும் என்றேன். போனில் இருந்த பெண், வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள்.

அந்த வாரம் இந்தியச் சாமான் கடையில் முகைதீனைப் பார்த்தேன். காயல்பட்டினத்துக்காரர், முன்பு சவூதியில் இருந்துவிட்டு இங்கே வண்டி ஓட்ட வந்தவர். "ஊர்லேந்து ஒங்களுக்கு மிஸ்டு கால் ஒழுங்கா வருதா?" என்று சும்மாதான் கேட்டேன். கையில் இருந்த அரிசிப் பையைக் கீழே வைத்துவிட்டார்.

"எக்கா, ஒங்களுக்கு எப்படித் தெரியும்? வீட்டுல என் மேல கோவமா இருக்கான்னுல்ல நானும் வீம்புக்கு இருந்துட்டேன்! அவ என்னடான்னா, நான் தெனமும் அடிக்கேன், நீங்கதான் திரும்பிப் பாக்கலன்னு அழுதுட்டு உம்மா வீட்டுக்குப் போயிட்டா."

அவரை வைத்து இன்னும் சில ஊர்க்காரர்களைப் பிடித்தேன். எல்லாருக்கும் இதே கதை. எழுதி வாங்கிக்கொண்டுபோய் டெக்லனிடம் கொடுத்தேன். கையேட்டிலும் ஒரு பத்தி சேர்த்தேன். சில இடங்களில் மணி அடித்து வைப்பதே பேச்சு, அதைத் திருட்டு என்று எண்ணக் கூடாது என்று. சரிபார்த்தவர்கள், இது பயன்படுத்துகிறவருக்குத் தேவையில்லாத தகவல் என்று ஓரத்தில் குறித்து வெட்டிவிட்டார்கள். டெக்லன் மட்டும் என் காகிதங்களை மேலே கொண்டுபோனார். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. இந்த நாட்டில் அந்த வார்த்தையைக் கேட்டால் போய்ப் படுத்துத் தூங்கிவிடலாம்.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் போனில் சொல்லிப் பார்த்தேன். "அப்பா, நீங்க அடிச்சது எனக்கு வரவே இல்லப்பா, எடையில ஒரு மிசினு தடுத்துட்டு." அந்தப் பக்கம் மூச்சு மட்டும் இரைந்தது. பிறகு இரண்டு தட்டு. ரைட். அவர் நம்பவில்லை என்று அந்தத் தட்டிலேயே தெரிந்துவிட்டது. லீவு எழுதிக் கொடுத்தேன்.

7

பாளையங்கோட்டை வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா இடது கையால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். வலது கையில் மாவுக்கட்டு. இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. வழக்கமான சிரிப்புத்தான். கோபமாக ஒரு பார்வை பார்த்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சாப்பிட்டு முடித்ததும் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மோசடி, கணக்குப்பொறி, பொய் மணி. எனக்குத் தெரிந்த அத்தனை தமிழையும் போட்டுச் சொன்னேன். மதினி கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா சிலேட்டை எடுத்து, இடது கையால் கோணல் மாணலாக எழுதினார். மணி அடிச்சுது. நான் கேட்டேன்.

"அது பொய் மணிப்பா."

சிலேட்டைத் துடைத்துவிட்டு நிதானமாக எழுதினார். இத்தனை ஞாயிறு பேசினியே. வரலைன்னு ஒரு நாளும் சொல்லலையே.

உள்ளதைத்தான் சொன்னேன். "ஒங்களுக்கு விரல் நடுங்குது, தப்பா அமத்துதியன்னு நெனச்சேன்ப்பா. சொன்னா வருத்தப்படுவியன்னு சொல்லல."

அப்பா இடது கையை என் முகத்துக்கு நேரே நீட்டி, விரல்களை விரித்துக் காட்டினார். ஒரு விரல்கூட அசையவில்லை.

சரி, வாயால் சொன்னால் ஆகாது, கண்ணால் காட்டிவிடுவோம் என்று நினைத்தேன். இதற்காகவே என் அயர்லாந்து எண்ணை அணைக்காமல் வைத்திருந்தேன். விமானம் ஏறுவதற்குமுன் கருவியில் பார்த்தபோதும் அப்பாவின் எண் தாழ்வு என்றுதான் இருந்தது. என் போனை எடுத்து மேசை நடுவில் வைத்தேன்.

"அப்பா, இப்பம் ஒங்க போன்லேந்து எனக்கு அடிங்க. ஒங்களுக்கு மணி கேக்கும். என் போனு இங்கனதான் கெடக்கு, இது அடிக்காது. பாருங்க. மதினி, நீங்களும் வந்து பாருங்க."

அப்பா என்னை ஒரு தடவை பார்த்தார். பொத்தான் போனை எடுத்து, ஒரு இலக்கம் தப்பாமல், பைய அழுத்தினார். காதில் வைத்தார். தலையை ஆட்டினார், கேட்கிறது என்று.

மேசையில் என் போன் அடித்தது.

ஜெனி வைத்துக்கொடுத்த ஒரு குருவிச் சத்தம். கீச்சுக் கீச்சென்று அந்தச் சின்ன அறை முழுவதும் அடித்தது. திரையில் அப்பா என்று பெயர். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவே வைத்துவிட்டார்.

அவசர அவசரமாக அலுவலக மின்னஞ்சலைத் திறந்தேன். டெக்லன் எழுதியிருந்தார். நல்ல செய்தி, எஸ்தர். உங்கள் ஊர் எண்களை இன்று காலை விடுவித்துவிட்டார்கள். உன் அப்பாவிடம் சொல்.

"அப்பா, இன்னைக்குக் காலையிலதான் சரி பண்ணுனாவளாம். இன்னைக்குத்தான்." சொல்லும்போதே அது எப்படி ஒலிக்கிறது என்று என் காதுக்கே தெரிந்தது. மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டு, காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் இன்னும் ஏதேதோ சொன்னேன். மின்னஞ்சலைக் காட்டினேன். இங்கிலீஷில் இருந்த அந்த நாலு வரியை அப்பா மரியாதைக்கு ஒரு தடவை பார்த்தார்.

பிறகு என் கன்னத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, சிலேட்டில் எழுதினார். வேலை இருந்திருக்கும். விடு.

என் அப்பா என்னை மன்னித்துவிட்டார். நான் செய்யாத ஒன்றுக்காக, முழு மனதோடு. லீவு முடிகிறவரை அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை, என்னையும் எடுக்கவிடவில்லை.

8

இங்கே திரும்பி வந்துவிட்டேன். முகைதீனின் மனைவி வீட்டுக்குத் திரும்பிவிட்டாளாம். கடையில் பார்த்து ஒரு பெட்டி பேரீச்சம்பழம் கொடுத்தார். எனக்கும் தினமும் மத்தியானம் மணி வருகிறது, ஒரு நாள் தப்புவதில்லை. ரெட்டை மணி.

கேக் வெட்டிய அன்றும் வந்தது. மனசு என்னவோ போலிருந்தது, கண்டிப்பை மீறி மதினியைக் கூப்பிட்டேன்.

"நல்ல வேளைக்குக் கூப்புட்ட. மாமாவுக்கு ரெண்டு நாளா காய்ச்சல். நெருப்பா கொதிக்கி. இப்பந்தான் ஆஸ்பத்திரிக்குப் போவ ஆட்டோவுக்குச் சொல்லிட்டு வாறேன்."

"இப்பம் ரெண்டு மணி அடிச்சாவளே மதினி! நேத்தும் ரெண்டுதான வந்துச்சு?"

இந்தத் தடவை அவள் குரலில் கோபமே இல்லை.

"நானும் கேட்டேன். பிள்ளைக்கு ஒத்த ரிங் விடுங்க மாமா, அவ பதறிட்டுக் கூப்புடுவான்னேன். வேண்டாம்னு எழுதுதாவ. அவளுக்கு அங்கன சோலி கெடக்கும், எதுக்கு சங்கடப்படுத்தணும்னு எழுதுதாவ. இனிமே ஒத்த ரிங் விட மாட்டாவ போல இருக்குட்டி."

காய்ச்சல் இப்போது குறைந்துவிட்டது, வீட்டுக்கு வந்துவிட்டார். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மத்தியான மணி வந்தது. இரண்டு. நான் மதினியின் எண்ணை அழுத்திக்கொண்டிருக்கிறேன்.